திரும்பிப் போகும் வழி

1786 முதல் 1957 வரை இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு வந்தவர்கள் சுமார் 42 லட்சம் பேர் என்று கெர்னியல் சிங் சந்து கணக்கிட்டார். மலாயா இந்தியரைப் பற்றி அவர் எழுதி 1969-இல் வெளிவந்த நூலில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதே காலத்தில் சுமார் 30 லட்சம் பேர் ஊர் திரும்பிவிட்டார்கள். அப்படியானால் 12 லட்சம் பேராவது இங்கே இருந்திருக்க வேண்டும். ஆனால் 1957 கணக்கெடுப்பில், இங்கே பிறந்த பிள்ளைகளையும் சிங்கப்பூரில் இருந்தவர்களையும் சேர்த்து எண்ணினாலும், இந்தியர் தொகை எட்டு லட்சத்தைச் சற்றே தாண்டியது. நடுவில் குறைந்தவர்களில் மிகப் பலர் இந்த மண்ணிலேயே மாண்டவர்கள்.

இடப்பெயர்வையும் இடரையும் பற்றி உலகம் முழுவதும் ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. அவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மூன்று கூட்டங்கள்தான் நினைவுக்கு வரும். வந்தார்கள், திரும்பினார்கள், மாண்டார்கள். தங்கி வேர்விட்டவர்கள் நான்காவது கூட்டம். அவர்களின் பிள்ளைகள் நாம். கடல் கடந்து வந்ததில் இருந்த ஆபத்து பெரிதுதான். ஆனால் ஆய்வுகளையும் நம் தோட்டங்களின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நம்மவர்களை அதைவிடக் கடுமையாக வாட்டியது வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது. வேலை, வீடு, உறவு, குடியுரிமை எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து, ஒன்று போனால் அனைத்தும் போகும் நிலை அது. திரும்பிப் போகும் வழி இருந்தவரை அந்த நிலை வெளியே தெரியவில்லை. வழி அடைபட்ட பிறகு தெரிந்தது.

இதைப் பேசுவதற்கு சுங்கை ரம்பாய் பொருத்தமான இடம். மலாக்கா மாநிலத்தின் தென்கோடியில், ஜாசின் மாவட்டத்தில் இருக்கும் சிற்றூர். கெசாங் ஆற்றைத் தாண்டினால் ஜொகூர், அப்பால் மூவார். மேற்கே போனால் மெர்லிமாவ், உள்ளே போனால் ஜாசின். மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டதும் இதே மாநிலத்தில்தான்: 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார், பிறகு புக்கிட் ஆசகானில் பெரிய அளவில் நட்டார். ரப்பர் கன்று பால் தர ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும். அத்தனை காலம் பணத்தை மண்ணில் போட்டுக் காத்திருக்க வேண்டிய தொழில் இது. லண்டன் முதலீட்டாளர்கள் அந்தக் காத்திருப்பைப் பங்குகளாகப் பிரித்துக்கொண்டார்கள். நிறுவனம் நொடித்தால் போட்ட பங்குப் பணத்தோடு அவர்கள் நட்டம் நின்றுவிடும். சட்டம் அதற்கு வரம்பு கட்டியிருந்தது. மரத்தைச் சீவ வந்தவருக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை.

அமெரிக்கப் பொருளியலாளர் பிராங்க் நைட் 1921-இல் எழுதிய நூலில் ஒரு வேறுபாட்டைச் சொன்னார். எத்தனைக்கு எத்தனை என்று கணக்கிட முடிந்த ஆபத்து ஒருவகை. காப்பீடு செய்பவர்கள் அதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். கணக்கிடவே முடியாத நிச்சயமின்மை இன்னொரு வகை. நைட் தொழில் முனைவோரை மனத்தில் வைத்து எழுதினார். ஆனால் தோட்ட வரலாற்றுக்கு இந்த வேறுபாடு அழுத்தமாகப் பொருந்துகிறது. ஒரே உண்மை ஒருவருக்குக் கணக்காகவும் இன்னொருவருக்கு இருட்டாகவும் இருந்தது. மலேரியாவை எடுத்துக்கொள்வோம். மால்கம் வாட்சன் 1901-இல் கிள்ளானில் கொசு ஒழிப்பைத் தொடங்கியதிலிருந்து, எந்த வகை நிலத்தில் காய்ச்சல் அதிகம் என்பது அரசுக்குத் தெரியத் தொடங்கியது. ஆயிரம் தொழிலாளருக்கு இத்தனை சாவு என்று ஆண்டறிக்கைகள் அட்டவணை போட்டன. நிறுவனம் அதைப் படித்து, எத்தனை பேரைக் கூடுதலாகக் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்யலாம். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவருக்கு அந்த அட்டவணை தெரியாது. தான் போகும் தோட்டம் மலையடிவாரமா, சதுப்பா என்பதுகூடத் தெரியாது. காய்ச்சல் பற்றிய அறிவு இருந்தது. அது தேவைப்பட்டவர் கையில் இல்லை.

அப்படியிருந்தும் ஏன் வந்தார்கள்? ஊரில் இருந்ததும் ஆபத்துதான் என்பது எளிய விடை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருசப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மட்டும் பல லட்சம் பேர் மடிந்தார்கள். மழை தவறுவது, வெள்ளம், நிலக்கிழாரின் கடன், சாதிக் கொடுமை எல்லாம் பஞ்சம் இல்லாத ஆண்டிலும் இருந்தன. திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காடு, சேலம் வட்டாரங்களிலிருந்து ஆள் வந்ததற்கு இவை காரணம். ஆனால் இந்த விடை பாதிதான். பசி மட்டுமே ஆளைக் கிளப்புமென்றால் மிக ஏழையானவரே முதலில் கிளம்ப வேண்டும். உண்மையில் மிக ஏழைக்குத்தான் கிளம்புவது மிகக் கடினம். கையில் இருப்பது இரண்டு வேளைச் சோறு என்றால், அதைப் பயணத்தில் பணயம் வைக்க அவரால் முடியாது.

இதை நன்றாக விளக்கும் ஆய்வு வங்காளதேசத்தில் நடந்தது. ரங்பூர் வட்டாரத்தில் அறுவடைக்கு முந்தைய மாதங்கள் பட்டினி மாதங்கள்; மோங்கா என்பார்கள். பேருந்து ஏறினால் நகரத்தில் கூலி வேலை உண்டு. ஆனாலும் பலர் போவதில்லை. 2008-இல் ஆய்வாளர்கள் பேருந்துக் கட்டண அளவுக்கு, சுமார் எட்டரை டாலர், சில குடும்பங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தச் சிறு தொகையால் மட்டும் 22 விழுக்காட்டுக் குடும்பங்கள் கூடுதலாக ஓர் ஆளை நகரத்துக்கு அனுப்பின. வீட்டில் சாப்பாடு கூடியது. மறு ஆண்டு பணம் கொடுக்காதபோதும் அவர்களில் பலர் மீண்டும் போனார்கள். முதல் முறை தோற்றால் என்ன ஆகும் என்ற அச்சம்தான் கட்டிப் போட்டிருந்தது. பின்னாளில் இதே திட்டத்தைப் பெரிய அளவில் செய்தபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை; 2019-இல் நிறுத்திவிட்டார்கள். என்றாலும் முதல் ஆய்வு சொன்ன அந்த ஒரு செய்தி எனக்கு முக்கியம். அதைப் படித்தபோது கங்காணிதான் நினைவுக்கு வந்தார்.

கங்காணி செய்தது இதைத்தான். தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவர், துரையிடம் பணமும் அனுமதிச் சீட்டும் வாங்கிக்கொண்டு தன் ஊருக்கே திரும்பி வருவார். முன்பணம் கொடுப்பார். கப்பல், தோட்டம், சாப்பாடு எல்லாம் எப்படி இருக்கும் என்று சொல்வார். அவர் சொன்னதில் பொய் கலந்திருந்தாலும் முகம் தெரிந்த முகம். பேசியது ஊர்ப் பேச்சு. பெரும்பாலும் தன் சாதி, தன் உறவு. யாரென்றே தெரியாத கம்பெனி ஏஜெண்டை நம்புவதைவிட மாமன் முறைக்காரரை நம்புவது எளிது. நிச்சயமின்மையை அவர் நம்பிக்கையாக மாற்றிக் கொடுத்தார். அதற்கு விலையும் வாங்கினார். முன்பணம் கடனாக ஏறியது. தலைக்காசு என்று ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்குத் தனி வருமானம் இருந்தது. ஆள் ஓடிவிட்டால் நட்டம் அவருக்கு. ஆகவே ஓடவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலையாயிற்று. அச்சத்தைப் போக்கிய அதே மனிதர் பிடித்து வைப்பவராகவும் ஆனார். கங்காணியை வில்லனாகவே எழுதும் கதைகளும், அவரை ஊருக்கு வழிகாட்டியவராகவே போற்றும் குடும்ப நினைவுகளும் இரண்டுமே உண்மையைத் தொடுகின்றன.

1907-இல் தமிழர் குடிநுழைவு நிதி ஏற்பட்டது. இந்தியத் தொழிலாளரை வைத்திருந்த ஒவ்வொரு முதலாளியும் அதில் பணம் கட்ட வேண்டும். அந்த நிதியிலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்படும். அதற்கு முன் ஒரு தோட்டம் செலவு செய்து ஆள் கொண்டுவந்தால் பக்கத்துத் தோட்டம் இழுத்துக்கொள்ளலாம். அந்த ஆபத்தை எல்லா முதலாளிகளுக்கும் பொதுவாக்கியதுதான் நிதியின் முதல் நோக்கம். தொழிலாளருக்கு இதில் நன்மை இருந்தது என்பதை மறுக்க முடியாது. பயணக் கடன் இல்லாமல் வந்து இறங்கினார். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வேறு தோட்டம் போகலாம். 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டதற்கும் இந்த ஏற்பாடு துணை நின்றது. ஆனால் இடரைப் பகிர்ந்துகொள்ளும் முதல் பெரிய அமைப்பு நம் தோட்டங்களில் முதலாளிகளுக்குத்தான் கிடைத்தது. தொழிலாளருக்கான ஊழியர் சேமநிதி வர 1951 ஆயிற்று. சமூகப் பாதுகாப்புத் திட்டமான சொக்சோ வர 1971.

இனி, இடப்பெயர்வு ஆய்வுகளில் நடந்த பெரிய திருப்பத்தைச் சொல்ல வேண்டும். 1970-இல் ஹாரிஸ், தொடாரோ இருவரும் சொன்ன விளக்கம் தனி மனிதரைப் பற்றியது. நகரக் கூலி எவ்வளவு, வேலை கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்து அவர் கிளம்புகிறார். 1980-களில் ஓடெட் ஸ்டார்க்கும் அவருடைய துணை ஆய்வாளர்களும் பார்வையைக் குடும்பத்தின் பக்கம் திருப்பினார்கள். குடும்பம் முழுவதும் ஒரே வயலை நம்பியிருந்தால் ஒரு மழை தவறினால் எல்லோரும் பட்டினி. ஒருவர் வெளியூரில் கூலி வாங்கினால் இங்கே தவறினாலும் அங்கிருந்து பணம் வரும். அவர் அங்கே வேலை இழந்தால் இங்கே சோறு உண்டு. 1989-இல் ரோசன்ஸ்வைக், ஸ்டார்க் எழுதிய கட்டுரை தென்னிந்தியக் கிராமங்களைப் பற்றியது. விளைச்சல் நிலையில்லாத குடும்பங்கள் மகள்களைத் தொலைவான ஊர்களில் கட்டிக் கொடுக்கின்றன; மழை எல்லா ஊரிலும் ஒன்றாகத் தவறாது; சம்பந்தி வீடு ஆபத்துக்கு உதவும். படித்ததும் நம் தோட்டங்களின் சம்பந்தங்களை எண்ணிப் பார்த்தேன். ஜாசின் பக்கத்துப் பெண் தங்காக்கிலோ சிகாமாட்டிலோ லாபிசிலோ வாழ்க்கைப்பட்டிருப்பாள். ஒரு தோட்டத்தில் வேலை நின்றால் அக்காள் வீடு இருக்கும் தோட்டத்துக்குச் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு போன குடும்பங்கள் எத்தனையோ.

ஆரம்பத்தில் கடல் கடந்து வந்தவர்கள் ஸ்டார்க் சொன்ன விதத்துக்கு அப்படியே பொருந்தினார்கள். 1901-இல் மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்குச் சுமார் 170 பெண்கள்தான். குடும்பம் ஊரில், ஆண் தோட்டத்தில், இரண்டு கால்கள் இரண்டு தரையில். 1931-இல் அந்த 170, சுமார் 480 ஆகிவிட்டது. குடும்பங்கள் வந்தன, லைன் வீடுகளில் பிள்ளைகள் பிறந்தார்கள். வாழ்க்கையாகப் பார்த்தால் இது முன்னேற்றம். இடராகப் பார்த்தால் ஆபத்தான குவிப்பு. அப்பா, அம்மா, வளர்ந்த மகன் மூவரும் ஒரே பெரட்டில் நின்று ஒரே கிராணியிடம் பெயர் கொடுத்து ஒரே மரத்தின் விலையை நம்பினார்கள். வீடு தோட்டத்துடையது. பள்ளி, மருந்து, ஆயாக் கொட்டகை, கோவில் நிலம்கூடத் தோட்டத்துடையது. வேலை போன அன்றே வீடும் போகும். குடும்பத்தின் இடரைப் பரப்பத் தொடங்கிய பயணம், இரண்டு தலைமுறையில் எல்லா இடரையும் ஒரே வேலிக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. ஆய்வு நூல்கள் இந்தத் தலைகீழ் மாற்றத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. மலேசியத் தமிழருக்கு இதுவே மையம் என்பது என் துணிபு.

வட்டித் தொழில் செய்த நகரத்தாரின் பழக்கத்தை இங்கே ஒப்பிடலாம். அவர்களின் ஏஜெண்டு பொதுவாக மூன்று ஆண்டுக் கணக்குக்கு வந்தார். முடிந்ததும் செட்டிநாடு திரும்பினார். முதல் பலருடையது, நட்டமும் பலருக்குப் பங்கிடப்பட்டது. திரும்பிப் போகும் வழி தொழிலின் அமைப்பிலேயே இருந்தது. அவர்களுக்கும் பெரிய அடிகள் விழுந்தன. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பால் பர்மாவில் விழுந்த அடியை எந்தப் பேரேடும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் ஓரிடத்தில் விழுந்தவர்கள் இன்னோரிடத்தில் நின்றார்கள்.

தோட்டக் குடும்பங்களுக்குச் சோதனை 1930-இல் வந்தது. 1910-இல் ராத்தல் 12 ஷில்லிங்கைத் தாண்டிய ரப்பர், 1932-இல் இரண்டு மூன்று பென்சுக்கு விழுந்தது. ஆணுக்கு நாளுக்கு 50 காசாக இருந்த நிர்ணயக் கூலி 1930-இல் 40 காசாயிற்று. பிறகு மேலும் இறங்கியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஆள்பிடிப்பு நிறுத்தப்பட்டது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். குடிநுழைவு நிதிதான் கப்பல் செலவைக் கொடுத்தது. ஆளைக் கொண்டுவந்த நிதியே திருப்பியும் அனுப்பியது. தோட்டங்கள் நெருக்கடியைத் தாங்கியது இப்படித்தான். வேலையில்லாதவர்களுக்குச் சோறு போடும் பொறுப்பு மலாயாவிலிருந்து தஞ்சைக்கும் திருச்சிக்கும் மாற்றப்பட்டது. அங்கே இருந்த அண்ணன் தம்பிகள், அரை வயிற்றுக் கஞ்சியைப் பகிர்ந்துகொண்டவர்கள், லண்டன் பங்குதாரர்களின் நட்டத்தைச் சுமந்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. ஆனாலும் அந்த முறை திரும்பிப் போக ஓர் ஊர் இருந்தது. 1934-இல் நிதியின் உதவியோடு ஆட்கள் வருவது மீண்டும் தொடங்கியபோது பலர் திரும்பி வந்தார்கள்.

1938-இல் இந்திய அரசு, நிதியின் உதவியோடு நடந்த குடிபெயர்வைத் தடை செய்தது. அதன்பின் போர். மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்கு ஜப்பானியர் ஆண்களைக் கொண்டுபோனபோது சில மாத வேலை, நல்ல சம்பளம் என்றுதான் சொன்னார்கள்; பிறகு லாரிகளில் பிடித்துப் போட்டுக்கொண்டு போனார்கள். அந்தப் பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர் தொண்ணூறாயிரம் அளவில் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அதில் பெரும் பங்கு தமிழர். இங்கே தவறான தகவலே ஆயுதமாகப் பயன்பட்டது. இதை இடர், முடிவு, விருப்பம் என்ற சொற்களால் விளக்கப் போனால் நாம் மாண்டவர்களுக்கு அநீதி செய்வோம்.

விடுதலைக்குப் பிறகு நிச்சயமின்மை காகித வடிவம் எடுத்தது. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள், கிராணி சொன்னபோது நாளை பார்க்கலாம் என்று விட்டவர்கள் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்டார்கள். 1968-இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்றது. 1969, 1970-இல் சுமார் 60,000 இந்தியர் நாட்டை விட்டுக் கப்பலேறினார்கள். பலருக்கு இந்தியா பெற்றோர் சொல்லிக் கேட்ட ஊர்தான். 1930-இல் திரும்பியவர் தன் வீட்டுக்குத் திரும்பினார். 1970-இல் போனவர் புதிதாகக் குடிபெயர்ந்தார். இரண்டையும் ஒரே பட்டியலில் போடுவது தவறு.

அதற்குள் தோட்டத் துண்டாடலும் தொடங்கிவிட்டது. ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். துண்டுகளில் நிரந்தர வேலை இல்லை, லைன் வீடு இல்லை. துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு சேர்ப்பது, அந்தப் பணத்தில் தோட்டத்தையே வாங்குவது என்பது திட்டம். 1961-இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. தொழிலாளரே தங்கள் இடரைச் சேர்ந்து சுமக்க எழுப்பிய அமைப்பு அது. நம் வரலாற்றில் இதைவிடத் துணிவான பொருளாதார யோசனை வேறு இல்லை என்பேன். ஆனால் சந்தைக்கு வந்த தோட்டங்கள் மிகப் பல. சங்கத்தால் வாங்க முடிந்தவை சில. மலாக்காவில் புக்கிட் ஆசகான் தொழிலாளர்கள் 1967-இல் தங்கள் குறையைச் சொல்லக் கோலாலம்பூருக்கு நடந்தே போனார்கள். பிறகு ரப்பர் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவு. தோட்டங்களின் ஒரு பகுதி தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியது.

இந்தக் கட்டத்தில் வெளியேறியவர்களைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் வறுமை, குண்டர் கும்பல், புறம்போக்குக் குடிசை என்றே பேசுகிறது. அவை உண்மைதான். இடரின் கண்ணால் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. இந்தியாவில் ஆண்கள் கிராமத்தை விட்டு நகரத்துக்குக் குறைவாகவே குடிபெயர்வதற்குச் சாதி உறவுகள் தரும் பாதுகாப்பு ஒரு காரணம் என்று முன்ஷியும் ரோசன்ஸ்வைக்கும் 2016-இல் காட்டினார்கள். வெளியே போனால் அந்தக் காப்பு போய்விடும். தோட்டம் கலைந்தபோது நம்மவர்களுக்கு அந்தக் காப்பு, அவர்கள் கேட்காமலே, ஒரே நாளில் கலைந்தது. தீமிதிக்கு வரி போட்ட கூட்டம், சாவுக்கு வந்து நின்ற வரிசை, கூட்டுச் சீட்டு பிடித்த பெண்கள் எல்லாரும் வெவ்வேறு தாமான்களுக்குச் சிதறினார்கள். இழப்பீட்டுக் கணக்கில் இதற்கு இடமே இல்லை.

1970-களில் பத்து பெரெண்டம் மின்னணு ஆலைகள் தோட்டத்துப் பெண் பிள்ளைகளுக்கு வழி திறந்தன. ஆலைப் பேருந்து லைன் வீட்டு வாசலுக்கே வந்தது. வீட்டில் முதல் முறையாக ரப்பர் விலையைச் சாராத சம்பளம் ஒன்று நுழைந்தது. இதன் அருமையைப் போதிய அளவு யாரும் எழுதவில்லை. பிறகு மூவாரின் தளவாட ஆலைகள், ஜொகூர் பாரு, சிங்கப்பூர். ஜொகூரின் வாசலில் இருக்கும் சுங்கை ரம்பாய்க்கு இந்தத் தெற்குப் பாதை இயல்பானது. வெள்ளிக்கும் சிங்கப்பூர் டாலருக்கும் உள்ள வேறுபாடே ஒரு குடும்பத்தின் வீட்டுக் கடனைக் கட்டிவிடும். நூறு ஆண்டுக்கு முந்தைய ஏற்பாடு திரும்பி வந்திருக்கிறது: ஒருவர் எல்லைக்கு அப்பால், குடும்பம் இப்பால்.

2020 மார்ச் 18 அன்று, கோவிட் பெருந்தொற்றின்போது, எல்லை மூடப்பட்டது. அதற்கு முந்தைய நாள்வரை ஜொகூர் பாலத்தைத் தினமும் லட்சக்கணக்கானோர் கடந்தார்கள். அங்கேயே தங்கினால் வேலை இருக்கும், வீட்டைப் பார்க்க முடியாது. இங்கே வந்தால் வீடு இருக்கும், வேலை இருக்காது. ஓர் இரவுக்குள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. எல்லை கடக்க அந்த ஆகஸ்டில் வந்த ஏற்பாடும் குறைந்தது மூன்று மாதம் வேலை செய்த பிறகே வீடு வர விட்டது. தரைவழி முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் ஆயிற்று. தாயின் சாவுக்கு வர முடியாதவர்கள் இருக்கிறார்கள். நைட் சொன்ன கணக்கிட முடியாத வகை இதுதான். ஆனாலும் 1930-ஐப் போல் அந்தக் குடும்பங்கள் வீதிக்கு வரவில்லை. வீடு சொந்தப் பெயரில் இருந்தது, சேமநிதியில் கொஞ்சம் இருந்தது, மனைவிக்கோ மகளுக்கோ உள்ளூரில் வேறு வேலை இருந்தது. வேலையும் வீடும் ஒரே கையில் இல்லை என்பதால் ஒன்று ஆடியபோது மற்றது நின்றது.

இன்று செம்பனைத் தோட்டங்களின் லைன் வீடுகளில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இருக்கிறார்கள். கங்காணியின் இடத்தில் ஏஜெண்டு. முன்பணத்தின் இடத்தில் வட்டிக்கு வாங்கிய ஆள்பிடிப்புக் கட்டணம். 1907-க்குப் பிறகு வந்த தமிழர் பயணக் கடன் இல்லாமல் இறங்கினார். இன்று வருபவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் அடைக்க வேண்டிய கடனோடு இறங்குகிறார்கள். அன்று ஒரு மாத அறிவிப்பில் தோட்டம் மாறலாம். இன்றைய வேலைப் பாஸ் ஒரே முதலாளியின் பெயரில் இருக்கிறது, அவரை விட்டு விலகினால் தொழிலாளர் சட்டவிரோதக் குடியேறி. 2020-இல் அமெரிக்கா ஒரு பெரிய செம்பனை நிறுவனத்தின் எண்ணெயைத் தடுத்த பிறகு, அந்த நிறுவனம் தன் தொழிலாளர் கட்டியிருந்த ஆள்பிடிப்புக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது. கொடுக்க முடியும் என்பது அதில் தெரிந்துவிட்டது. கட்டணத்தை முதலாளி ஏற்பதும், பாஸை வைத்துக்கொண்டே வேறு முதலாளியிடம் மாற அனுமதிப்பதும் சட்டமாக வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டியவர்கள், லைன் வீட்டில் பிறந்தவர்களின் பிள்ளைகளான நாம்.